கன்வர்ஷன் ரேட் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது

விளம்பரத்தையோ இணைப்பையோ தொட்டவர் வந்து சேரும் பக்கம்தான் லேண்டிங் பேஜ். அப்படி ஒரு பக்கத்தின் கன்வர்ஷன் ரேட், அதாவது வந்தவர்களில் நாம் விரும்பியதைச் செய்தவர்களின் விகிதம், போன மாதம் 3.8 சதவீதம், இந்த மாதம் 3.26 என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன நடக்கும்? ஒருவர் தலைப்பை மாற்றலாம் என்பார். இன்னொருவர் பட்டன் பச்சையாக இருந்தால் தேவலை என்பார். மூன்றாமவர் படத்தைக் குறை சொல்வார். ஒரு வாரத்துக்குள் பக்கமே உருமாறியிருக்கும்.

இப்போது அதே எண்களைப் பிரித்துப் பார்ப்போம். போன மாதம் 10,000 வருகைகள். கணினியிலிருந்து 6,000, மொபைலிலிருந்து 4,000. கணினியில் வந்தவர்களில் 5 சதவீதம், அதாவது 300 பேர் ஃபார்மை நிரப்பினார்கள். மொபைலில் 2 சதவீதம், 80 பேர். மொத்தம் 380. இந்த மாதமும் 10,000 வருகைகள்தான். ஆனால் புதிதாகப் போட்ட சமூக ஊடக விளம்பரத்தால் மொபைல் வருகை 7,000 ஆகிவிட்டது, கணினி 3,000தான். கணினியில் 5.5 சதவீதம், 165 பேர். மொபைலில் 2.3 சதவீதம், 161 பேர். மொத்தம் 326. கணினியிலும் பக்கம் முன்பைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது, மொபைலிலும் செய்திருக்கிறது. மொத்தக் கணக்கில் மட்டும் இறக்கம்.

புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் எழுதிய கட்டுரையை ஒட்டி வந்த பெயர் அது. இவ்வளவு பழைய விஷயம், டாஷ்போர்டில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவெடுப்பவர்களை இன்றும் மாட்டவைக்கிறது.

கன்வர்ஷன் ரேட் என்பது ஒரு பின்னம். மேலே தொகுதி: நாம் விரும்பியதைச் செய்தவர்கள். கீழே பகுதி: பக்கத்துக்கு வந்தவர்கள். தலைப்பு, படம், பட்டன், ஃபார்ம் என்று நாம் மாற்றுவதெல்லாம் தொகுதியைக் கூட்டும் முயற்சிகள். பகுதியை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. நான் பார்த்த வரையில், மாதத்துக்கு மாதம் ரேட் ஆடும் ஆட்டத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது: யார் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், எதை எதிர்பார்த்து வந்தார்கள். அதைப் பிரித்துப் பார்க்காமல் பக்கத்தில் கை வைத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருப்பதையும் கெடுத்துவிடுவோம்.

எண்ணுவதில் உள்ள ஓட்டைகள்

முதலில், கீழே எதை வைக்கிறோம்? ஒருவர் திங்கட்கிழமை வந்து பார்க்கிறார், புதன்கிழமை மீண்டும் வருகிறார், சனிக்கிழமை வந்து பதிவு செய்கிறார். ஆட்களை எண்ணினால் ஒன்றுக்கு ஒன்று, நூறு சதவீதம். செஷன்களை, அதாவது ஒவ்வொரு முறை வந்ததையும், எண்ணினால் மூன்றுக்கு ஒன்று, முப்பத்து மூன்று சதவீதம். இரண்டுமே சரியான கணக்குதான். வருகைகளை எண்ணித் தரும் கூகுள் அனலிட்டிக்ஸில் 30 நிமிடம் எந்த அசைவும் இல்லையென்றால் செஷன் முடிந்துவிடும். நடுவில் ஃபோன் வந்து, பேசிவிட்டுத் திரும்பியவர்கூட இரண்டாவது செஷனாகிவிடுவார். யோசித்து யோசித்து வாங்கும் பொருள் என்றால் ஆட்களை எண்ணுவது மேல். ஒரே மூச்சில் முடியும் சின்னப் பதிவு என்றால் செஷன் போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாதியில் மாற்றாமல் இருக்க வேண்டும்.

கருவி மாறினாலும் கணக்கு மாறும். கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய வடிவமான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் சாதாரணக் கணக்குகளுக்கு 2023 ஜூலை 1-உடன் நின்றது. அதன் இடத்துக்கு வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4 எல்லாவற்றையும் ஈவென்ட்டாக, அதாவது தனித்தனி நிகழ்வாகப் பார்க்கிறது. வந்ததும் திரும்பிப் போனவர்களின் விகிதமான பவுன்ஸ் ரேட் என்ற பெயர் அதில் அப்படியே இருக்கிறது, பொருள் வேறு. 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, முக்கியமான ஈவென்ட் ஒன்று நடந்தாலோ அந்த செஷன் பவுன்ஸ் ஆகாது. பழைய கருவியில், ஒரே பக்கத்தைப் பத்து நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு வேறெதையும் தொடாமல் போனவரும் பவுன்ஸ்தான். 2022-இன் பவுன்ஸ் ரேட்டையும் இப்போதைய பவுன்ஸ் ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முன்னேற்றம் காட்டும் ஸ்லைடுகளை நம்ப வேண்டாம்.

மேலே உள்ள எண்ணிலும் சிக்கல் உண்டு. பல தளங்களில், ஃபார்ம் அனுப்பியதும் வரும் நன்றிப் பக்கம் திறந்தாலே ஒரு கன்வர்ஷன் என்று வைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை ஒருவர் ரிஃப்ரெஷ் செய்தால் இன்னொன்று. மொபைலில் மூடாமல் விட்ட டேப் மறுநாள் தானாக லோட் ஆனால் இன்னொன்று. ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்து, ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் ஒதுக்கச் சொன்னால் இது தீரும். பட்டன் கிளிக்கையே கன்வர்ஷனாக எண்ணுவது இதைவிட மோசம். ஃபார்ம் பிழை காட்டும்போது மனிதர்கள் அதே பட்டனை மூன்று நான்கு முறை அழுத்துவார்கள். உடைந்த ஃபார்ம் அப்போது ரிப்போர்ட்டில் வெற்றியாகத் தெரியும்.

விளம்பரத் தளங்களின் கணக்கு தனிக்கதை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் இயல்பான அமைப்பு, கிளிக் செய்து 7 நாளுக்குள்ளோ, பார்த்து 1 நாளுக்குள்ளோ நடந்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூகுள் விளம்பரங்களில் கிளிக்குக்கு இயல்பாக 30 நாள். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் கிளிக் செய்துவிட்டுப் பதிவு செய்தால், இரண்டு தளங்களும் அவரைத் தன் வெற்றி என்றே காட்டும். இரண்டையும் கூட்டினால் உண்மையில் வந்த பதிவுகளைவிட அதிகம் வரும். யாரும் ஏமாற்றுவதில்லை; அவரவர் விதிப்படி அவரவர் எண்ணுகிறார்கள். நம் சொந்த டேட்டாபேஸில் எத்தனை பதிவு விழுந்தது என்பதுதான் கடைசிச் சொல். மற்றதெல்லாம் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று பார்க்க மட்டும்.

வந்தவரை அடுத்த முறை அடையாளம் காண பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்புதான் குக்கீ. அந்த விஷயம் பகுதியை நேரடியாகவே பாதிக்கிறது. சஃபாரி பிரவுசர் 2019 முதல், பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் போடும் குக்கீகளை 7 நாளில் அழித்துவிடுகிறது. ஐஃபோனில் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து வாங்குபவர், கணக்கில் இரண்டு பேர்: வாங்காமல் போன ஒருவர், வந்தவுடன் வாங்கிய ஒருவர். பகுதி ஊதுகிறது, ரேட் இறங்குகிறது, பக்கத்தின் மேல் ஒரு தவறும் இல்லை. அனுமதி கேட்கும் பேனரில் மறுத்தவர்கள், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள், மனிதர்களே இல்லாத பாட் வருகைகள் என்று இந்தப் பட்டியல் நீளும். இதையெல்லாம் முழுக்கச் சரிசெய்ய முடியாது. ஒரே அளவில் தவறாக எண்ணிக்கொண்டிருந்தால்கூட ஏற்ற இறக்கம் புரியும். எண்ணும் முறை மாறிய தேதியை மட்டும் கட்டாயம் குறித்து வையுங்கள்; ஆறு மாதம் கழித்து ஒரு பள்ளத்தைப் பார்த்துக் குழம்பும்போது அந்தக் குறிப்புதான் கை கொடுக்கும்.

வருபவர் கையில் ஒரு வாக்குறுதி இருக்கிறது

யாரும் லேண்டிங் பேஜுக்குச் சும்மா வருவதில்லை. ஒரு விளம்பரமோ, தேடல் முடிவோ, மின்னஞ்சலோ ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் அவரை அனுப்பியிருக்கும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் இருவரும் 1990-களில் மனிதர்கள் இணையத்தில் தகவல் தேடும் விதத்தை ஆராய்ந்தார்கள். விலங்குகள் மோப்பம் பிடித்து இரை தேடுவதைப் போலத்தான் நாமும் தேடுகிறோம், வாசனை பலமாக இருக்கும் வரை தொடர்கிறோம், மங்கினால் திரும்பிவிடுகிறோம் என்பது அவர்கள் கருத்து. தகவல் வாசனை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இதை வைத்துப் பார்த்தால் பல பக்கங்களின் நோய் வெளியில்தான் இருக்கிறது. விளம்பரம் "இலவசமாக முயன்று பாருங்கள்" என்கிறது. பக்கம் "எங்கள் குழுவுடன் பேச நேரம் குறியுங்கள்" என்கிறது. அந்தப் பக்கத்தை எவ்வளவு அழகாக்கினாலும் வந்தவர் போய்விடுவார், ஏனென்றால் அவர் தேடி வந்தது அங்கே இல்லை. விளம்பரத்தில் உள்ள அதே சொல், முடிந்தால் அதே படம், பக்கத்தின் மேல் பகுதியில் ஸ்க்ரோல் செய்யாமலே தெரிய வேண்டும். இவ்வளவு சாதாரணமான ஒன்றைச் செய்யாமல் விட்ட பக்கங்கள் ஏராளம், ஏனென்றால் விளம்பரம் எழுதுபவர் ஒருவர், பக்கம் செய்பவர் வேறொருவர்.

இதைக் கண்டுபிடிக்க, இணைப்பின் முகவரியோடு ஒட்டும் யூடிஎம் (UTM) குறியீடுகள் உதவும். 2005-இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் (Urchin) என்ற நிறுவனத்தின் பெயர் அந்த மூன்றெழுத்தின் முதல் எழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் எந்தத் தளம், எந்தப் பிரச்சாரம், எந்த விளம்பரம் என்று எழுதி வைத்தால் ரேட்டை அதன்படி பிரிக்கலாம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதில் வேறு வேறு என்பதால், ஆளுக்கொரு விதமாக எழுதினால் ஒரே தளம் ரிப்போர்ட்டில் மூன்றாக உடைந்து நிற்கும். பெயர் வைக்கும் முறையை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் மொத்த ரேட்டைப் பார்க்கும் பழக்கத்தைக் குறைத்து, வந்த வழி, சாதனம், புதியவரா திரும்பி வந்தவரா என்று மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள். பக்கத்தில் கோளாறு என்றால் எல்லாப் பிரிவிலும் இறங்கியிருக்கும். ஒரு பிரிவில் மட்டும் இறங்கியிருந்தால் அந்த வழியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஃபார்ம்தான் பெரும்பாலும் குற்றவாளி

வருபவரும் சரி, வாக்குறுதியும் சரி என்று தெரிந்த பிறகுதான் பக்கத்துக்குள் போக வேண்டும். அங்கே முதலில் ஃபார்மைப் பார்ப்பேன். பட்டன் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு நான் நேரம் செலவழிப்பதில்லை.

ஒரு தொலைபேசி எண் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மொபைலில் அதைத் தொட்டால் எண்கள் கொண்ட கீபோர்டு வர வேண்டும். எழுத்துக் கீபோர்டு வந்தால் அங்கேயே ஒரு எரிச்சல். ஃபோன் தானாக நிரப்பிக் கொடுக்கும் எண்ணில் நாட்டுக் குறியீடும் இடைவெளிகளும் இருக்கும். அந்த இடைவெளியை ஏற்காமல் "தவறான எண்" என்று சொல்லும் ஃபார்ம்கள் இன்னும் இருக்கின்றன. எந்த எண் தவறு என்று வருபவருக்கு எப்படித் தெரியும்? அது அவருடைய சொந்த எண். இதில் இன்னொரு கொடுமை, பிழைச் செய்தி ஃபார்மின் உச்சியில் சிவப்பில் வரும், கீபோர்டு திறந்திருப்பதால் அது திரைக்கு மேலே மறைந்துபோகும். அவர் பட்டனை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, மீண்டும் அழுத்துகிறார், போய்விடுகிறார். இடைவெளியையும் குறியீட்டையும் நிரலே நீக்கிக்கொண்டால் போதும், இரண்டு வரி வேலை. இது கண்ணில் பட வேண்டுமானால், எந்தக் கட்டத்தில் எத்தனை பேருக்குப் பிழை காட்டியது, எந்தக் கட்டத்தைத் தொட்ட பிறகு எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று கட்டம் வாரியாக ஈவென்ட் வைக்க வேண்டும்.

பயணத் தளமான எக்ஸ்பீடியா சொன்ன ஓர் அனுபவம் இந்தத் துறையில் எல்லோரும் கேள்விப்பட்டது. அவர்கள் பணம் செலுத்தும் ஃபார்மில் நிறுவனத்தின் பெயர் கேட்கும் ஒரு கட்டம் இருந்தது, கட்டாயம்கூட இல்லை. சிலர் அதில் தங்கள் வங்கியின் பெயரை எழுதினார்கள். அடுத்து முகவரி கேட்டதும் வங்கியின் முகவரியையே எழுதினார்கள். அட்டையில் பதிவான முகவரியோடு அது பொருந்தாததால் பணம் செலுத்துவது தோல்வியடைந்தது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டதில் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் கூடுதலாகக் கிடைத்தது என்பது அவர்கள் கணக்கு.

தளங்களை மனிதர்கள் பயன்படுத்தும் விதத்தை ஆராயும் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய இன்னொன்று இதற்கும் மேல். பெயர் சொல்லாத ஒரு பெரிய விற்பனைத் தளத்தில், வாங்கும் முன் உள்நுழையவோ புதிதாகப் பதிவு செய்யவோ சொல்லும் ஒரு திரை இருந்தது. திரும்பி வரும் வாடிக்கையாளருக்கு வசதி என்று நினைத்து வைத்தது. உண்மையில் அவர்களுக்கே எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தோம் என்று நினைவில்லை. கடவுச்சொல் கேட்டு நாளொன்றுக்கு 1,60,000 கோரிக்கைகள் வந்தன. பதிவு செய்யச் சொன்ன பட்டனை எடுத்துவிட்டு, கணக்கு தொடங்காமலே வாங்கலாம் என்ற ஒரு வரியோடு தொடரச் சொல்லும் பட்டனை வைத்தார்கள். வாங்குபவர் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது, முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை. அந்தத் தளத்தில் பொருள் வாங்குபவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். எண் எங்கே வலிக்கிறது என்று காட்டும், ஏன் என்பதை மனிதர்தான் காட்டுவார். ஐந்தாறு பேரிடம் ஃபோனைக் கொடுத்து, வாய் திறக்காமல் பார்த்தாலே நிறையத் தெரியும். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி மாதிரி இலவசக் கருவிகளில் செஷன்களின் திரைப்பதிவுகளையும் பார்க்கலாம்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக: கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்படி, பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும். வருகைகளில் 75 சதவீதத்துக்காவது இது கிடைக்க வேண்டும். அலுவலக வைஃபையில் பார்த்து வேகமாக இருக்கிறது என்று சொல்வது கணக்கில் சேராது.

சோதனை, பொறுமை, கணக்கு

மாற்றம் உண்மையில் பலன் தந்ததா என்று தெரிந்துகொள்ள ஏ/பி டெஸ்ட் செய்கிறோம். வருபவர்களில் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. ஒரே நேரத்தில் ஒரே கூட்டத்தைப் பிரிப்பதால் பின்னத்தின் பகுதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இந்த முறையின் முழு பலமும் அதில்தான் இருக்கிறது. போன மாதம் பழையது, இந்த மாதம் புதியது என்று ஒப்பிட்டால் அந்த பலம் போய்விடும்.

2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் தேர்தல் பிரச்சாரத் தளத்தில் நடந்த சோதனை நல்ல உதாரணம். 4 வித பட்டன், படமும் வீடியோவுமாக 6, ஆக 24 சேர்க்கைகள், 3,10,382 வருகையாளர்கள். குழுவில் இருந்தவர்களுக்குப் பிடித்தது ஒரு வீடியோ. சோதனையில் எல்லா வீடியோக்களும் எல்லாப் படங்களையும்விடக் கீழே போயின. குடும்பப் படமும் "மேலும் அறிய" என்ற பட்டனும் வென்றன. பதிவு விகிதம் 8.26-இலிருந்து 11.6 சதவீதமானது. அதை நடத்திய டான் சிரோக்கர் பின்னர் இத்தகைய சோதனைகளுக்குக் கருவி செய்யும் ஆப்டிமைஸ்லி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் படத்தையும் பட்டனையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், மூன்று லட்சம் பேர் வந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் ரேட் 3 சதவீதம், அது 3.3 ஆகிறதா என்று பார்க்க வேண்டும் என்றால், வழக்கமான கணக்குப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 51,700 பேர் வேண்டும். 3.6 ஆகிறதா என்று பார்க்க சுமார் 12,900 பேர் போதும். ஒரு நாளைக்கு 500 பேர் வரும் தளத்தில் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்க ஏழு மாதம் ஆகும். அதற்குள் பொருளே மாறியிருக்கலாம்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாமல் தினமும் எட்டிப் பார்த்து, புதியது முந்தும் நாளில் நிறுத்திவிடுவது இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. 5 சதவீதத் தவறுக்கு இடம் கொடுத்து வடிவமைத்த சோதனையை இடையில் பத்து முறை பார்த்து, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வித்தியாசமும் இல்லாத இரண்டு பக்கங்களில் ஒன்றை வென்றதாக அறிவிக்கும் வாய்ப்பு சுமார் 19 சதவீதம் ஆகிறது. 1969-இலேயே புள்ளியியலாளர் ஆர்மிடேஜும் அவருடன் எழுதியவர்களும் இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்று முன்பே எழுதிவைத்து, வார நாட்களும் விடுமுறை நாட்களும் சேர முழு வாரங்களாக ஓடவிட்டு, முடிந்த பிறகு பாருங்கள். முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பகுதியைத்தான். சரிபாதியாகப் பிரிக்கச் சொன்ன 10,000 பேர் 5,200, 4,800 என்று விழுந்திருந்தால், தற்செயலாக அப்படி நடக்க பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. புதிய பக்கத்தின் முகவரிக்குத் திருப்பி அனுப்பும்போது (ரீடைரக்ட்) மெதுவான இணைப்பில் இருந்தவர்கள் விழுந்திருக்கலாம். காரணம் தெரியும் வரை அந்தச் சோதனையின் முடிவைத் தொடாதீர்கள்.

வருகை குறைவாக உள்ள தளங்கள் என்ன செய்வது? சின்ன மாற்றங்களை டெஸ்ட் செய்வதை விட்டுவிடலாம். உடைந்த ஃபார்மைச் சரிசெய்ய டெஸ்ட் தேவையில்லை, செய்துவிட வேண்டியதுதான். மற்றதில், ஒரே பக்கத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியக்கூடிய மாற்றத்தை மட்டும் சோதியுங்கள்: வேறு சலுகை, வேறு வாக்குறுதி, பாதியாகக் குறைத்த ஃபார்ம். எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2012-இல் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தில் ஒரு சின்ன மாற்றத்தை ஓர் ஊழியர் சொன்னார். முக்கியமில்லை என்று ஆறு மாதத்துக்கு மேல் அது கிடப்பில் கிடந்தது. கடைசியில் சோதித்தபோது வருவாய் 12 சதவீதம் கூடியது, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல். அப்படிப்பட்டவை அபூர்வம். அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் அவர்கள் கொண்டாடவில்லை. முதலில் அது கோளாறாக இருக்குமோ என்றுதான் தோண்டிப் பார்த்தார்கள்.

கன்வர்ஷனுக்குப் பிறகு நடப்பதையும் ரேட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முன்பே டிக் செய்யப்பட்ட பெட்டி, பொய்யான கவுன்ட்டவுன், மறைத்து வைத்த கட்டணம் எல்லாம் ரேட்டை ஏற்றும். ஒரு மாதம் கழித்து ரத்து, பணம் திரும்பக் கேட்பது, புகார் என்று அது வெளியே வரும். அதை அளக்கும் எண் இன்னொரு துறையின் ரிப்போர்ட்டில் இருப்பதால் பக்கம் செய்தவர் கண்ணில் படுவதில்லை. பதிவு எண்ணை வைத்து இரண்டு ரிப்போர்ட்டையும் இணைத்து, பதிவு செய்தவர்களில் 60 நாள் கழித்தும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாருங்கள். மாற்றம் வென்ற பிறகும் வருபவர்களில் பத்தில் ஒருவருக்குச் சில வாரங்கள் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தால், சோதனையில் தெரிந்த பலன் இன்னும் நிற்கிறதா, புதுமை தேய்ந்ததும் கரைந்துவிட்டதா என்பதும் அதே கணக்கில் தெரிந்துவிடும்.